மீட்டர் சொல்லாத கணக்கு

(தரவு மையங்களின் மின்செலவு குறித்து ஏற்காட்டில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் வெட்டியெடுத்த அலுமினியத் தாதுவான பாக்சைட் பல ஆண்டுகள் மலையிறங்கி மேட்டூருக்குப் போனது. மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, ஊரார் வழக்கில் ‘மால்கோ’, 1965இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. தாது இருப்பது மலையில், ஆலை அணையடியில். ஒரு டன் அலுமினியம் எடுக்க ஏறத்தாழ 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும் என்பது தெரிந்தால் இதில் புதிர் ஏதும் இல்லை. தாதுவை மின்சாரம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த ஆலையின் பிற்காலக் கதையும் மின்சாரத்தைச் சுற்றியே நடந்தது. 1995இல் ஸ்டெர்லைட் குழுமம் அதை வாங்கியது. 1999இல் ஆலைக்கென்று சொந்த அனல்மின் நிலையம் வந்தது. 2008இல் அலுமினியம் உருக்குவது நின்றுபோனது. மின்நிலையம் மட்டும் தொடர்ந்து ஓடி மின்சாரத்தை வெளியே விற்றது. உலோகம் செய்ய வைத்திருந்த மின்சாரமே சரக்காகிவிட்டது.

இன்று அதே வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறது தரவு மையம். அங்கே தாதுவும் இல்லை, உலைப்புகையும் இல்லை. உள்ளே போகும் மின்சாரம் கணக்காகவும் சூடாகவும் வெளியே வருகிறது. சென்னை அம்பத்தூரில் 2024 ஜனவரியில் டிஜிட்டல் கனெக்சியன் நிறுவனம் திறந்த வளாகத்தின் முதல் கட்டம் 20 மெகாவாட். முழுமை பெறும்போது 100 மெகாவாட் என்பது திட்டம். இங்கே ஏற்காட்டின் லேடீஸ் சீட்டில் நின்றால் தெளிவான நாளில் தெரியும் மேட்டூர் அணையின் அடியில் உள்ள பழைய நீர்மின் நிலையத்தின் திறன் 50 மெகாவாட். ஒரு வளாகத்துக்கு அப்படி இரண்டு நிலையங்கள் வேண்டும்.

உலக அளவில் தரவு மையங்கள் 2024இல் சுமார் 415 டெராவாட்-மணி மின்சாரம் செலவிட்டன என்று சர்வதேச எரிசக்தி முகமை கணக்கிட்டிருக்கிறது. மொத்த மின்நுகர்வில் இது ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். 2030இல் அது இரண்டு மடங்குக்கு மேல் போகும் என்பதும் அதே முகமையின் கணிப்பு.

இங்கே யாருக்கும் உடனே தோன்றும் கேள்வி ஒன்று உண்டு. சர்வர்களைக் குளிரவைக்கத்தானே இவ்வளவு கரண்ட்? ஏற்காட்டில் ஏசியே தேவையில்லையே, இங்கே கொண்டுவந்து வைத்தால் என்ன?

கேள்வி நியாயமானது. சர்வரின் முகப்பில் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம் என்று அமெரிக்கக் குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே பரிந்துரைக்கிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் ஆண்டின் பெரும்பகுதி வெளிக்காற்றே அந்த வரம்புக்குள் அடங்கிவிடும். சென்னையை அடுத்த சிறுசேரியிலோ அம்பத்தூரிலோ மழைக்கால, குளிர்கால இரவுகளை விட்டால் அந்த வசதி குறைவு.

ஆனாலும் தரவு மையங்கள் சிறுசேரிக்குத்தான் போகின்றன. காரணம், சென்னைக் கடற்கரையில் கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றன. சிங்கப்பூரையும் சென்னையையும் இணைக்கும் ஐ2ஐ கேபிள் 2002இலேயே வந்துவிட்டது. ஒரு துணைமின் நிலையம் படுத்தால் இன்னொன்றிலிருந்து மின்சாரம் எடுக்க வழி வேண்டும். வாடிக்கையாளரும் பொறியாளரும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் மலைப்பாதை, மூடுபனியின் ஈரம், கோடையிடி, மரம் விழுந்தால் அறுந்துபோகும் மின்கம்பி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், குளிர்ந்த காற்றில் மிச்சமாவதை மற்றவை தின்றுவிடும்.

அதைவிட முக்கியமானது வேறொன்று. குளிரூட்டுவதில் மிச்சம் பிடிப்பது இந்தத் தொழிலில் ஓரளவு தீர்ந்துவிட்ட பிரச்சினை. தீராத பிரச்சினை சர்வருக்குள்ளே இருக்கிறது.

தரவு மையத்தாரிடம் மின்சாரம் பற்றிப் பேசினால் முதலில் அவர்கள் சொல்லும் எண் பி.யு.இ. வளாகத்துக்குள் வரும் மொத்த மின்சாரத்தை, கணினிக் கருவிகளுக்குப் போகும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் அது. 2007வாக்கில் கிரீன் கிரிட் என்ற தொழில் கூட்டமைப்பு இதைப் பரப்பியது. அன்றைக்குச் சராசரி 2.5. அதாவது சர்வருக்கு ஒரு யூனிட் போனால் ஏசிக்கும் யுபிஎஸ் இழப்புக்கும் விளக்குக்கும் ஒன்றரை யூனிட் போனது. அப்டைம் இன்ஸ்டிடியூட்டின் கருத்துக்கணிப்புகளில் இன்று சராசரி 1.6க்குச் சற்றுக் கீழே நிற்கிறது. கூகுள் தன் மையங்களில் 1.1 அளவில் இருப்பதாகச் சொல்கிறது. குளிர்காற்றுப் பாதையையும் வெப்பக்காற்றுப் பாதையையும் தனித்தனியே அடைத்தது, நல்ல யுபிஎஸ், கொஞ்சம் தாராளமான வெப்பநிலை, இவ்வளவில் வந்த முன்னேற்றம் இது. 2016இல் கூகுள் தன் டீப்மைண்ட் பிரிவின் செயற்கை நுண்ணறிவைக் குளிரூட்டும் அமைப்பில் விட்டுப் பார்த்து, குளிரூட்டும் செலவில் 40 சதவீதம் வரை குறைத்ததாக அறிவித்தது.

எண் நன்றாக இருக்கிறது. ஆனால் இதை மட்டும் நம்பி நிர்வாகம் நடத்துவதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மையத்தில் சர்வர்களுக்கு 1,000 கிலோவாட், மற்றவற்றுக்கு 500. பி.யு.இ. 1.5. பொறியாளர் ஒருவர் தேடிப் பிடித்து, வேலையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த சர்வர்களை அணைத்து 200 கிலோவாட் குறைக்கிறார். சூடு குறைந்ததால் ஏசியிலும் 50 குறைகிறது. இப்போது சர்வர்களுக்கு 800, மற்றவற்றுக்கு 450. நாளொன்றுக்கு 6,000 யூனிட் மிச்சம். ஆனால் பி.யு.இ. 1.56! அறிக்கையைப் பார்க்கும் மேலதிகாரிக்கு நிலைமை மோசமாகிவிட்டதாகத்தான் தெரியும்.

இதையே தலைகீழாகவும் செய்யலாம். அறையின் வெப்பநிலையை அளவுக்கு மேல் உயர்த்தினால் ஏசியின் சுமை குறையும். சர்வருக்குள் இருக்கும் சிறு விசிறிகளோ சூட்டைச் சமாளிக்க வேகமெடுக்கும். அந்த விசிறிகள் தின்னும் மின்சாரம் ‘கணினிக் கருவி’ கணக்கில் சேர்வதால் பி.யு.இ. அழகாகக் குறையும், மொத்த பில் ஏறியிருக்கவும் கூடும். விசிறியின் மின்தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறுவது. வேகத்தில் 20 சதவீதம் குறைத்தால் மின்தேவை ஏறக்குறைய பாதியாகிறது. ஏறும்போதும் அதே விதிதான்.

ஆக, வாசலில் இருக்கும் மீட்டர் எவ்வளவு போனது என்று சொல்லும். எதற்குப் போனது என்று சொல்லாது. அதற்கு உள்ளே போக வேண்டும்.

உள்ளே போக வழி இருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு சர்வரின் தாய்ப்பலகையிலும் பி.எம்.சி. என்ற சிறு கணினி ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கிறது. சர்வர் அணைந்திருந்தாலும், பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை அது விழித்திருக்கும். வெப்பநிலை, விசிறி வேகம், மின்னழுத்தம் எல்லாம் அதற்குத் தெரியும். அதோடு பேச இன்டெல், டெல், ஹெச்பி, என்.இ.சி. நிறுவனங்கள் 1998இல் வகுத்த மொழி ஐ.பி.எம்.ஐ. அதற்குப் பின்வந்தது 2015இல் வெளியான ரெட்ஃபிஷ். பொறியாளர் தன் மேசையிலிருந்து ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் நான்கு எண்கள் வரும்: இந்த நொடியில் எத்தனை வாட், இதுவரை மிகக் குறைவு, மிக அதிகம், சராசரி. உதாரணத்துக்கு 182, 121, 344, 176 என்று வந்தால், இந்த நான்கிலேயே அந்த சர்வரின் பிழைப்பு தெரிந்துவிடும். சராசரி அடித்தரைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. 344 எப்போதோ ஒருமுறை எட்டிய உச்சம். பெரும்பாலான நேரம் அது சும்மா இருந்திருக்கிறது.

இன்னும் உள்ளே போகலாம். 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜ் சில்லுகளிலிருந்து இன்டெல் ‘ரேப்பல்’ என்ற வசதியைச் சேர்த்தது. பிராசசரும் நினைவகமும் செலவிடும் ஆற்றலை மென்பொருள் நேரடியாகப் படிக்கலாம். இத்தனை வாட்டுக்கு மேல் போகாதே என்று வரம்பும் கட்டலாம். ஆனால் விசிறி, டிஸ்க், பவர் சப்ளையின் இழப்பு எதுவும் அதில் வராது. அதனால் பி.எம்.சி. சொல்லும் எண்ணும் ரேப்பல் சொல்லும் எண்ணும் ஒத்துப்போகாது, ஒத்துப்போகவும் வேண்டாம். ஒன்று வீட்டுச் செலவு, மற்றது அடுக்களைச் செலவு.

இந்த அளவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு 2020 நவம்பரில் ஒரு சாட்சி கிடைத்தது. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் அவர்களின் கூட்டாளிகளும் ‘பிளாட்டிபஸ்’ என்று பெயரிட்டு ஒரு தாக்குதலை வெளியிட்டார்கள். ரேப்பல் காட்டும் மின்செலவின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கவனித்தே, சில்லுக்குள் இருக்கும் ரகசியச் சாவிகளைக் கணித்துவிட முடியும் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு லினக்ஸில் அந்த எண்களை நிர்வாகிக் கணக்கு மட்டுமே படிக்கும்படி பூட்டு விழுந்தது. மின்செலவைக் கண்காணிக்கும் மென்பொருளை நிறுவப் போகிறவர் அந்த அனுமதியை யாருக்கெல்லாம் கொடுக்கிறோம் என்று யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நூற்றுக்கணக்கான கருவிகளிலிருந்து இந்த எண்களைத் திரட்டி ஒரே திரையில் காட்டும் கலையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. இன்றைய ஸோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது, நெட்வொர்க் கருவிகளிடம் நிலவரம் கேட்டறியும் எஸ்.என்.எம்.பி. மென்பொருள்தான் அதன் சரக்கு. அதன் மேனேஜ்என்ஜின் பிரிவு இன்றும் அந்தத் தொழிலில் இருக்கிறது. பணம் கொடுக்க மனமில்லாதவர்களுக்கு பிரோமிதியஸ், கிராஃபானா போன்ற இலவசக் கருவிகளும் உண்டு.

எண்கள் திரையில் வந்ததும் முதலில் கண்ணில் படுவது, சும்மா இருக்கும் சர்வர் சும்மா இருப்பதில்லை என்பதே. கூகுளின் லூயிஸ் பரோசோவும் உர்ஸ் ஹோல்ஸ்லேயும் 2007இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதை எடுத்துவைத்தார்கள். ஆயிரக்கணக்கான சர்வர்களைக் கவனித்ததில், பெரும்பாலான நேரம் அவை தங்கள் திறனில் 10 முதல் 50 சதவீதம்வரைதான் வேலை செய்தன. ஆனால் வேலையே இல்லாதபோதும் உச்ச மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைச் செலவிட்டன. அதற்குப் பின் வந்த சர்வர்கள் கணிசமாகத் தேறியிருக்கின்றன. என்றாலும் நம் ஊர் அலுவலகங்களில் பத்து வயதுச் சர்வர்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

வேலையில்லாமல் 120 வாட் எடுக்கும் ஒரு சர்வர் ஆண்டுக்கு 1,051 யூனிட் செலவிடும். ஏசியையும் சேர்த்தால், பி.யு.இ. 1.5 என்ற கணக்கில், சுமார் 1,577 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று கொண்டால் 12,600 ரூபாய்க்கு மேல். ஒரு சர்வருக்கு இது பெரிய தொகையாகத் தோன்றாது. ஆனால் இப்படிப்பட்டவை எத்தனை? அமெரிக்காவின் ஜொனாதன் கூமியும் ஜான் டெய்லரும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த சர்வர்களில் சுமார் 30 சதவீதம் ஆறு மாதமோ அதற்கு மேலோ யாருக்கும் எந்த வேலையும் செய்திருக்கவில்லை. பிரிட்டனின் பார்க்ளேஸ் வங்கி 2013இல் தேடிக் கழித்துக்கட்டிய சர்வர்கள் 9,124.

இவற்றை ஏன் யாரும் அணைப்பதில்லை? தொழில்நுட்பம் தெரியாமல் இல்லை, பயம். வாங்கியவர் மாற்றலாகிப் போயிருப்பார், மென்பொருள் எழுதிய நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்திருக்கும். ‘யாராவது யூஸ் பண்ணிட்டிருப்பாங்க, தொடாதீங்க’ என்ற ஒரு வாக்கியத்தில் ஒரு சர்வர் ரேக் முழுக்கப் பத்து வருடம் ஓடும். இதற்கு இந்தத் தொழிலில் ஒரு நடைமுறை உண்டு. சந்தேகத்துக்குரிய சர்வரின் நெட்வொர்க் கேபிளை மட்டும் கழற்றிவிட்டு, மின்சாரத்தை அப்படியே விட்டுவைப்பது. ஒரு மாதம் காத்திருந்து யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது. கத்தினால் கேபிளைச் செருகினால் போதும், நொடியில் உயிர் வந்துவிடும். யாரும் கத்தாவிட்டால் தரவுகளைப் பிரதியெடுத்து வைத்துக்கொண்டு அணைத்துவிடலாம். மாதக் கடைசிக் கணக்கு, ஆண்டிறுதிக் கணக்கு என்று அபூர்வமாக மட்டும் தேவைப்படும் சர்வர்களுக்கு அந்தச் சுற்று முழுதும் காத்திருக்க வேண்டும்.

வேலை செய்யும் சர்வர்களிலும் குறைக்க இடமிருக்கிறது. சில்லு செலவிடும் மின்சாரம் அதன் மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தையும் கடிகார வேகத்தையும் பொறுத்தது. வேகத்தை 10 சதவீதம் குறைத்து, அதற்கேற்ப மின்னழுத்தத்தையும் 10 சதவீதம் குறைக்க முடிந்தால், அந்தப் பகுதி மின்செலவு சுமார் 27 சதவீதம் இறங்கும். நவீன சில்லுகள் இதைத் தாமே நொடிக்குப் பலமுறை செய்கின்றன. ஆனால் பயாஸ் அமைப்பில் ‘உச்ச செயல்திறன்’ என்று யாரோ ஒருமுறை வைத்துவிட்டுப் போயிருந்தால் அந்த வசதி முடங்கிக் கிடக்கும். அதைச் சரிசெய்யப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. இரவு நேரத்து பேக்கப், அறிக்கை தயாரிப்பு போன்ற அவசரமில்லாத வேலைகளை நகர்த்துவது இன்னொரு வழி. 2020இல் கூகுள், காற்று, சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்துக்கு இத்தகைய வேலைகளைத் தள்ளிவைக்கும் முறையை அறிவித்தது. பகலில் சூரிய மின்சாரமும் ஆடிக் காற்றில் முப்பந்தலின் காற்றாலைகளும் பொழியும் தமிழ்நாட்டில், மாலை உச்ச நேரத்துக்குக் கூடுதல் கட்டணம் கட்டும் உயரழுத்த நுகர்வோருக்கு இது சுற்றுச்சூழல் விஷயம் மட்டுமில்லை, பில் விஷயம்.

அடுத்தது, வரம்பு கட்டுவது. ஃபேஸ்புக் 2016இல் தன் ‘டைனமோ’ அமைப்பைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டது. ஒவ்வொரு சர்வரின் மின்செலவையும் சில நொடிக்கொருமுறை படித்து, ஒரு மின்வழி தாங்கும் அளவை நெருங்கினால், முக்கியமில்லாத சர்வர்களின் வேகத்தை முதலில் அடக்கும் ஏற்பாடு அது. ஆறு மாதத்தில் வந்திருக்கக்கூடிய 18 மின்தடைகளை அது தடுத்தது என்று அந்தக் கட்டுரை சொல்கிறது. பிரேக்கர் விழுந்தபின் ஓடுவதற்குப் பதில், விழுவதற்கு முன் சர்வர்களையே விட்டுக்கொடுக்க வைத்தார்கள்.

இதெல்லாம் பழைய ரகச் சர்வர்களின் கதை. செயற்கை நுண்ணறிவுக்கான கருவிகள் வந்தபின் அளவு மாறிவிட்டது. என்விடியாவின் ஹெச்100 சில்லு ஒன்றே 700 வாட் வரை எடுக்கும். அப்படி எட்டுச் சில்லு கொண்ட ஒரு பெட்டியின் உச்சத் தேவை 10 கிலோவாட்டைத் தாண்டும். முன்பு ஒரு முழு ரேக்குக்கே பெரும்பாலும் அவ்வளவு தேவைப்பட்டதில்லை. அதன் அடுத்த தலைமுறையில் 72 சில்லுகள் கொண்ட ஒரு ரேக்குக்கு ஏறத்தாழ 120 கிலோவாட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த ரேக் முழுவீச்சில் ஓடினால் அதை 50 நிமிடத்தில் முடித்துவிடும். இந்தச் சூட்டைக் காற்றால் அள்ள முடியாது. குழாய் வழியே திரவம் சில்லின் தலைமேலேயே ஓட வேண்டும். ஏற்காட்டுக் காற்று இதற்கு உதவும் தூரம் இன்னும் குறைந்துபோகிறது. சென்னை போன்ற ஊரில் தண்ணீரை ஆவியாக்கிக் குளிரூட்டி மின்சாரத்தை மிச்சப்படுத்தலாம்தான். 2019 கோடையில் அந்த நகரம் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதை நினைத்தால், அது எந்தக் கணக்கில் மிச்சம் என்ற கேள்வி வரும்.

பெரிய மையங்களை விடுவோம். சேலம் சுற்றுவட்டாரத்தில் ஒரு நூற்பாலை, ஒரு பொறியியல் கல்லூரி, ஒரு மருத்துவமனை என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் ஓர் அறையில் பத்துச் சர்வர்களாவது இருக்கும். அங்கே செய்ய வேண்டியதற்கு வரிசை இருக்கிறது. முதலில் பட்டியல்: எந்தச் சர்வர், எதற்கு, யார் பொறுப்பு. இரண்டாவது, ஒரு மாதம் ஒவ்வொன்றின் வாட்டையும் ஐந்து நிமிடத்துக்கொருமுறை பதிவது. மூன்றாவது, அடித்தரையிலேயே கிடப்பவற்றின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றிப் பார்ப்பது. நான்காவது, மீதியுள்ள சிறு வேலைகளை விர்ச்சுவல் மெஷின்களாக இரண்டு மூன்று சர்வர்களில் ஒன்றுசேர்ப்பது. ஏசியில் 18 என்று வைத்திருப்பதை 24 ஆக்குவது அதற்கும் பிறகு. முதலிலேயே அதைச் செய்தால், பயனில்லாத சர்வர்களைச் சிக்கனமாகக் குளிரவைத்த பெருமைதான் மிஞ்சும்.

புதிதாக வாங்கும்போதும் இந்தப் பதிவு கைகொடுக்கும். சர்வரின் பின்புறம் 750 வாட் என்று ஒட்டியிருப்பது பவர் சப்ளையின் உச்சத் திறன். அந்தச் சர்வர் வாழ்நாளில் அதைத் தொடாமலே போகலாம். அந்த ஒட்டுச்சீட்டு எண்களைக் கூட்டி யுபிஎஸ், ஜெனரேட்டர், ஏசி, மின்பகிர்மானக் கழகத்திடம் கேட்கும் ஒப்பந்த டிமாண்ட் எல்லாவற்றையும் முடிவுசெய்வதுதான் வழக்கம். அளந்து பார்த்த உச்சத்தைக் கூட்டினால் தேவை பெரும்பாலும் அதில் பாதிக்கும் கீழே வரும். அதன்மேல் நியாயமான ஒரு கூடுதலை வைத்துக்கொண்டால் போதும்.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் கடைசியில் இருக்கிறது. உயரழுத்த இணைப்பில் யூனிட் கட்டணம் தனி, உச்சத் தேவைக்கான டிமாண்ட் சார்ஜ் தனி. தமிழ்நாட்டில் அந்த மாதம் பதிவான உச்ச டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் டிமாண்ட் சார்ஜ். சர்வர்களை அணைத்து, ஏசியைக் குறைத்து, உச்சத்தை 300 கே.வி.ஏ.யிலிருந்து 220க்கு இறக்கியிருந்தாலும், ஒப்பந்தம் 300 என்றே இருந்தால் பில் 270க்கு வந்துகொண்டே இருக்கும். இறங்கிய உச்சம் கோடையிலும் நிலைக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, ஒப்பந்த டிமாண்டைக் குறைக்கச் சொல்லி மின்பகிர்மானக் கழகத்துக்கு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கொருமுறை பதிந்த அந்த வாட் கணக்கைப் பார்த்துத்தான் எத்தனை கே.வி.ஏ. என்று அதில் எழுத முடியும்.